சுழலாத தட்டு

வரலாறு கற்பித்துக் காலங்கழித்த ஓர் ஆசிரியனுக்குக் கணினியைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று சிலர் எண்ணலாம். அவ்வெண்ணம் நியாயமானதே. அக்கருவியைத் திறந்து பழுது பார்க்கும் கை எனக்கு இல்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கணினியோடு நான் பட்ட பாடு என்னை மீண்டும் வரலாற்று மாணவனாக்கிற்று. அப்பொறியின் நோய்க்குக் காரணம் தேடிச் சென்றேன். அது 1956-ஆம் ஆண்டு வரை என்னை இழுத்துச் சென்றது. அந்தக் கதையே இன்றைய பேச்சு.

நான் பணியாற்றிய பள்ளியின் நூற்றாண்டு மலருக்காகப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளையும் ஆண்டறிக்கைகளையும் மாலை நேரங்களில் கணினியில் தட்டச்சு செய்து வந்தேன். ஏறத்தாழப் பத்து ஆண்டு வேலை. மூலப் பதிவேடுகளில் சில பின்னர்க் கரையானுக்கு இரையாகிவிட்டன. ஆகவே அக்கணினியில் இருந்ததே அப்பெயர்களுக்கு எஞ்சிய ஒரே இருப்பிடம். பென் டிரைவில் ஒரு படி எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அவையெல்லாம் யூனிகோடு வழக்கத்திற்கு வருமுன் தோன்றிய தமிழ் எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. புதிய கணினியில் திறந்தால் தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து ஏதோ ஒன்று தோன்றும். அவற்றைப் பக்கமாக்கிக் காட்டும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் அந்தப் பழைய பொறியில் மட்டுமே இயங்கிற்று. எனவே அப்பொறி உயிரோடு இருக்கவேண்டியது எனக்கு ஆசையன்று, தேவை.

ஒரு நாள் அதன் வன்தட்டு ‘டக், டக்’ என்று ஒலிக்கத் தொடங்கியது. என்னிடம் படித்த ஒருவர் கணினிப் பழுது பார்க்கும் தொழில் செய்பவர். வந்து கேட்டுவிட்டு, “ஐயா, ஹார்டு டிஸ்க் போகப்போகிறது. எஸ்.எஸ்.டி. போட்டுவிடுவோம்” என்றார். அப்படியே செய்தார். பழைய தட்டில் இருந்ததை எழுத்துக்கு எழுத்து மாறாமல் புதியதில் படியெடுத்துப் பொருத்தினார். கணினி கண்மூடித் திறக்குமுன் எழுந்து நின்றது. எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி ஆறு மாதம் நீடித்தது. பிறகு ஒரு கோப்பைச் சேமிக்கச் சொன்னால் பொறி மூச்சு வாங்குவதுபோல் நின்றுவிடும். சிறிது பொழுது கழித்தே மீளும். வேறொரு கடையில் காட்டியபோது, “பழைய மெஷின், காயலான் கடையில் போட்டுவிடுங்கள்” என்று தீர்ப்பு வந்தது. ஆராயாமல் தரும் தீர்ப்பை நான் மாணவரிடத்திலும் ஏற்றதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1956-இல் அமெரிக்காவின் சான் ஹொசே நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் ராமாக் என்னும் கணினியை வெளியிட்டனர். அதனோடு இணைந்ததே உலகில் விற்பனைக்கு வந்த முதல் வன்தட்டுக் கருவி. இரண்டடிக் குறுக்களவு கொண்ட 50 தட்டுகள் ஓர் அச்சில் அடுக்கப்பட்டு நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். இத்தனை பெரிய உருவம் தாங்கிய செய்தி 50 இலட்சம் எழுத்துகளே. அதன் அளவு நாளடைவில் எத்தனையோ மடங்கு சுருங்கிற்று. அமைப்பு மட்டும் மாறவில்லை. சுழலும் தட்டு, அதன்மேல் வட்ட வட்டமான தடங்கள், தடத்தைத் தேடிச் செல்லும் ஒரு தலை. கணினி ஒரு செய்தியை வேண்டும்போது, ‘எத்தனையாவது தடம், எந்தத் தலை, அத்தடத்தில் எத்தனையாவது துண்டு’ என்று மூன்று எண்களால் கேட்கும். அத்துண்டுக்குச் செக்டர் என்று பெயர். ஐ.பி.எம். பி.சி. வழிவந்த கணினிகளில் ஒரு செக்டர் 512 பைட் கொண்டது.

1983-இல் அதே நிறுவனம் வன்தட்டோடு கூடிய பி.சி. எக்ஸ்.டி. என்னும் மேசைக் கணினியைக் கொணர்ந்தது. அவ்வழிவந்த கணினிகளின் பயாஸ் என்னும் அடிப்படை நிரலில் இம்மூன்று எண்களுக்கும் ஒதுக்கிய இடத்தைப் பாருங்கள். தடத்திற்கு 10 பிட். ஆகவே 1,024 தடங்கள். செக்டருக்கு 6 பிட். எண்ணிக்கை 1-இல் தொடங்குவதால் 63 செக்டர்கள். இந்த 63 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 10 மெகாபைட் தட்டே பெருஞ்செல்வமாக இருந்த காலத்தில் இந்த ஒதுக்கீடு தாராளமானது. பின்னால் வருவோர் இடம் போதாது என்று திண்டாடுவர் என எண்ணிப் பார்க்க அன்று எவருக்கும் காரணம் இல்லை.

திண்டாட்டம் விரைவில் வந்தது. 1986 அளவில் காம்பாக், வெஸ்டர்ன் டிஜிட்டல் முதலிய நிறுவனங்கள் வகுத்த ஐ.டி.இ. முறையில் தலைகளின் எண்ணிக்கைக்கு 4 பிட் மட்டுமே, அதாவது 16. பயாஸ் ஒரு வரம்பு கட்ட, ஐ.டி.இ. மற்றொரு வரம்பு கட்ட, இரண்டும் சேர்ந்து இரண்டைவிடவும் குறுகிய வாயிலொன்றை உண்டாக்கிவிட்டன. 1,024-ஐ 16-ஆலும் 63-ஆலும் 512-ஆலும் பெருக்குங்கள். ஏறத்தாழ 52 கோடியே 84 இலட்சம் பைட் வரும். அதற்கு மேற்பட்ட தட்டை அக்காலத்துக் கணினி காண மறுத்தது. பின்னர் அவ்வரம்பைத் தாண்டினர், மற்றொன்று முளைத்தது. முகவரியை 28 பிட்டாக்கியபோது 137 கிகாபைட் வரம்பு வந்தது. 2001-இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியே அவ்வரம்புக்குள் அடங்கியதுதான். 2002-இல் வந்த முதல் திருத்தத் தொகுப்பு அதை நீக்கிற்று. திருத்தம் பெறாத எக்ஸ்பியில் 120 கிகாபைட் எஸ்.எஸ்.டி. முழுமையாகத் தெரியும், 240 கிகாபைட்டினது தெரியாது. காரணம் இதுவே.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். ஐ.டி.இ. முறையில் தட்டை ஆளும் மின்சுற்று தட்டோடேயே பொருத்தப்பட்டது. ஆகவே தட்டு தன் உள்ளமைப்பைக் கணினியிடம் மறைத்து வேறொன்றைச் சொல்ல முடிந்தது. வட்டத்தட்டில் வெளித்தடம் நீண்டது, உள்தடம் குறுகியது. எனவே வெளித்தடத்தில் மிகுதியான செக்டர்களை அடக்கினர். எல்லாத் தடத்திலும் 63 செக்டர் என்பது உண்மையில் எங்கும் இல்லை. கணினி கேட்கிறதே என்பதற்காகத் தட்டு 63 என்று சொல்லிற்று. பொய்தான், ஆனால் எவருக்கும் தீங்கில்லாத பொய்.

அதே காலத்தில் கடல் கடந்த ஜப்பானில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா என்னும் பொறியாளர், மின்சாரம் நின்றபின்னும் செய்தியை மறவாத ஒரு நினைவகச் சில்லை உருவாக்கி, 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மின்னணுக் கருவிகள் மாநாட்டில் அறிவித்தார். அதில் எழுதியதை ஒரே வீச்சில் பெருமளவாக அழிக்கலாம். அது புகைப்படக் கருவியின் மின்வெட்டொளியை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஷோஜி அரிஇசுமி அதற்கு ‘ஃபிளாஷ்’ என்று பெயரிட்டார். இன்று எஸ்.எஸ்.டி.யிலும் பென் டிரைவிலும் உள்ள நாண்டு வகை ஃபிளாஷை மசுவோகா 1987-இல் வெளியிட்டார். இதற்கு அவர் பெற்ற ஊதியம் பற்றிய வழக்கு நீதிமன்றம் வரை சென்று 2006-இல்தான் 8 கோடியே 70 இலட்சம் யென்னுக்கு உடன்பாடாயிற்று. உலகமே பயன்கொள்ளும் கண்டுபிடிப்புக்கு அது பெருந்தொகையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நாண்டு ஃபிளாஷில் சுழலும் தட்டில்லை, தேடும் தலையில்லை. எனவே இரைச்சலில்லை, தேடும் நேரமும் மிகச் சிறிது. வன்தட்டின் தலை உரிய இடத்தைச் சென்றடைய நொடியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஆகும். ஃபிளாஷ் அதில் நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் செய்தியைத் தந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. செய்தியைப் ‘பக்கம்’ என்னும் அளவில் எழுதும். தொடக்ககால எஸ்.எஸ்.டி.களில் ஒரு பக்கம் 4,096 பைட். பின்னர் வந்தவற்றில் இன்னும் பெரிது. எழுதிய பக்கத்தின் மேலேயே திருப்பி எழுத இயலாது, முதலில் அழிக்கவேண்டும். அழிப்பதோ தனிப் பக்கமாக ஆகாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியாகவே அழியும். குறிப்பேட்டில் மையால் எழுதியதைப் போன்றது இது. ஒரு சொல்லை மாற்றவேண்டுமானால் புதிய தாளில் எழுதவேண்டும். பழைய தாளைப் பயன்படுத்த வேண்டுமானால் ஏடு முழுவதையும் வெளுக்கவேண்டும். பல்லாயிரம் முறை வெளுத்தால் ஏடே நைந்துபோகும்.

இத்தகைய பிடிவாதக்காரனை, செக்டர் செக்டராக எழுதி அழித்துப் பழகிய கணினியோடு எங்ஙனம் இணைப்பது? இங்கேதான் அந்தப் பழைய பொய் கைகொடுத்தது. தட்டு தன் உள்ளமைப்பை மறைக்கலாம் என்றால், தட்டே இல்லாத ஒன்று தன்னைத் தட்டென்று சொல்லிக்கொள்ளக் கூடாதா? இஸ்ரேல் நாட்டு எம்-சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் அமீர் பான் என்பவர் இதற்கொரு மொழிபெயர்ப்பு முறை வகுத்தார். 1995-இல் அதற்குக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. கணினி, ‘ஆயிரமாவது செக்டரில் எழுது’ என்றால் உள்ளிருக்கும் மொழிபெயர்ப்பாளன், காலியாக உள்ள ஒரு பக்கத்தில் எழுதி, ‘ஆயிரம் என்பது இனி இங்கே’ என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்வான். கணினிக்கு இச்செய்தி தெரியாது. அது தட்டு சுழல்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும். இன்றைய எஸ்.எஸ்.டி.களும் இத்தகைய மொழிபெயர்ப்பைக் கொண்டே நிற்கின்றன. 2008-இல் இன்டெல் நிறுவனத்தின் எக்ஸ்25-எம் 80 கிகாபைட் அளவில் வெளிவந்தது. அது முதற்கொண்டு இவை இல்லங்களுக்கும் புகத் தொடங்கின. வேடம் இத்துணைப் பொருத்தமாக இராவிட்டால் பழைய கணினிகள் இவற்றை வாயிலிலேயே நிறுத்தியிருக்கும்.

ஆனால் வேடம் உடையைத்தான் மாற்றும், உடலை மாற்றாது. என் கணினி மூச்சு வாங்கியதற்குக் காரணங்கள் இரண்டு. இரண்டும் இந்த வேடத்திலிருந்தே பிறந்தவை.

முதலாவது, நீங்கள் நினைவில் வைத்திருக்கும் 63. எக்ஸ்பியும் அதற்கு முற்பட்ட அமைப்புகளும் தட்டின் முதல் தடம் முழுவதையும் தொடக்கக் குறிப்புக்கென ஒதுக்கிவிட்டு, அடுத்த தடத்தின் தலைப்பிலிருந்து கோப்புகளுக்கான பிரிவைத் தொடங்கும். முதல் தடத்தில் 63 செக்டர் என்பதால் பிரிவு 63-ஆம் எண்ணில் தொடங்குகிறது. எஸ்.எஸ்.டி.யிலோ 4,096 பைட் பக்கம் என்பது 8 செக்டர். 63 என்பது எட்டால் வகுபடாது, ஒன்று குறைகிறது. விளைவு என்ன? எக்ஸ்பி கோப்புகளை 4,096 பைட் கொத்துகளாக எழுதும்போது ஒவ்வொரு கொத்தும் ஒரு பக்கத்தின் வாலிலும் அடுத்த பக்கத்தின் உடலிலும் கால் பரப்பி உட்காருகிறது. ஒரு கொத்தை மாற்ற இரண்டு பக்கங்களைத் தொடவேண்டியிருக்கிறது. கோடு போட்ட தாளில் கோட்டின்மேல் எழுதாமல் இரண்டு கோடுகளுக்கு இடையில் எழுதும் பிள்ளையை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். அழிக்கும்போது இரண்டு வரியும் போகும். எக்ஸ்பிக்குப் பின் வந்த விண்டோஸ் விஸ்டா முதல் பிரிவு 2,048-ஆம் செக்டரில் தொடங்கலாயிற்று. அது எட்டால் வகுபடும். என் நண்பர் பழைய தட்டை எழுத்துக்கு எழுத்து மாறாமல் படியெடுத்தார் அல்லவா? மாறாமல் வந்தவற்றுள் அந்த 63-உம் ஒன்று.

இரண்டாவது காரணத்தைத் தலைமையாசிரியனாகிய நான் மற்றவரினும் எளிதில் புரிந்துகொண்டேன். ஒரு மாணவன் மாற்றுச் சான்றிதழ் பெற்றுப் பள்ளியை விட்டுப் போகிறான். அலுவலகப் பேரேட்டில் அவன் பெயரை நீக்கிவிட்டார்கள்; வகுப்பாசிரியரிடம் சொல்லவில்லை. அவர் நாள்தோறும் அவன் பெயரை அழைக்கிறார். அவனுக்கென ஓர் இருக்கையைக் காலியாக வைத்திருக்கிறார். வகுப்பை வேறு அறைக்கு மாற்றினால் அந்த இருக்கையையும் சுமந்து செல்கிறார். எக்ஸ்பியில் ஒரு கோப்பை நீக்கினால் இதுவே நடக்கிறது. கணினி தன் பேரேட்டில் பெயரை அடித்துவிடுகிறது, தட்டுக்குச் சொல்வதில்லை. சுழலும் தட்டுக்குச் சொல்லத் தேவையும் இல்லை; அதன்மேல் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எழுதலாம். எஸ்.எஸ்.டி.க்கோ சொல்லாவிட்டால் அப்பக்கங்கள் இன்னும் வேண்டியவை என்றே எண்ணி, தொகுதிகளை வெளுக்கும் போதெல்லாம் அவற்றையும் வேறிடத்திற்குப் படியெடுத்துக் காக்கும். காலிப் பக்கங்கள் அருகி வர, ஒரு வரி எழுதுவதற்கும் முன்னால் வீட்டைக் கூட்டிப் பெருக்கவேண்டிய நிலை வரும். நீக்கப்பட்ட செய்தியைத் தட்டுக்கு அறிவிக்கும் ‘டிரிம்’ என்னும் கட்டளை 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது அதனுள் இடம்பெற்றது. எக்ஸ்பி அதை அறியாது. அதற்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த ஆதரவும் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. இனி எவரும் அதற்குக் கற்பிக்கப் போவதில்லை.

இவையன்றிச் சில்லறைத் தொல்லைகளும் உண்டு. 2004-இல் வகுக்கப்பட்ட ஏ.எச்.சி.ஐ. என்னும் இணைப்பு முறைக்கான டிரைவர் நிரல் எக்ஸ்பியில் இல்லை. பயாஸில் அம்முறையைத் தேர்ந்தால் நீலத்திரை காட்டி நின்றுவிடும். நிறுவும்போது அந்த நிரலை ஃபிளாப்பி வழியாகத் தரவேண்டும் என்பது விதி. ஃபிளாப்பிக்கு இன்று எங்கே போவது? ஐ.டி.இ. முறையிலேயே விட்டுவிடுவது எளிது. இணைப்பின் வேகமும் ஒரு கேள்வி. முதல் சாட்டா நொடிக்கு 150 மெகாபைட், அடுத்தது 300, 2009-இல் வகுத்தது 600. புதிய எஸ்.எஸ்.டி. பழைய இணைப்பின் வேகத்திற்குத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் என்பது பொதுவிதி. சில பழைய தாய்ப்பலகைகளில் அந்தப் பேச்சுவார்த்தையே முறிந்து, தட்டு கண்ணுக்குத் தெரியாமல் போவதும் உண்டு. தாழ்த்திக்கொண்டாலும் நட்டம் பெரிதன்று. பழைய கணினியைத் தாமதப்படுத்துவது பெரும்பாலும் தலை தேடும் நேரமே. அது அறவே நீங்கிவிடுகிறதே.

நோய் தெரிந்தபின் மருந்து கடினமாக இல்லை. என் பழைய மாணவரை மறுபடியும் அழைத்து, 63-இன் கதையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இத்தனை வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன் ஐயா, இதைப் பார்க்கவே இல்லை” என்றார். “தம்பி, நானும் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்” என்றேன். கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் காத்து வைத்து, எஸ்.எஸ்.டி.யைப் புதிய கணினியொன்றில் இணைத்து முழுவதும் வெளுத்தார். 2,048-ஆம் செக்டரில் பிரிவைத் தொடங்கினார். கடைசியில் ஐந்தில் ஒரு பங்கை எந்தப் பிரிவிலும் சேராமல் வெற்றிடமாக விட்டார். டிரிம் அறியாத அமைப்பில் தட்டுக்கு எப்போதும் சில காலிப் பக்கங்கள் கையிருப்பாக இருப்பதற்கு அதுவே வழி. பிறகு எக்ஸ்பியை அதில் நிறுவினார். கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் என்னும் வேலையையும் நிறுத்தச் சொன்னார்; தேடும் தலை இல்லாத இடத்தில் அது வீண் எழுத்து, வீண் தேய்மானம். இணையக் கம்பியை நானே பிடுங்கிவிட்டேன். அன்று முதல் பொறி நின்று மூச்சு வாங்கவில்லை. நூற்றாண்டு மலரின் பெயர்ப் பட்டியல் அதிலிருந்தே அச்சுக்குப் போயிற்று. இப்போது அப்பெயர்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலை நடக்கிறது. மாற்றியதைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அப்பொறி இன்னும் வேண்டும்.

வேடத்தைப் பற்றிச் சொன்னேன். அதைக் கலைத்துவிட்ட எஸ்.எஸ்.டி.யும் வந்துவிட்டது. 2011-இல் என்.வி.எம்.இ. என்னும் முறை வகுக்கப்பட்டது. தட்டு என்னும் நடிப்பை விட்டு, ஃபிளாஷ் நினைவகத்தின் இயல்பறிந்து அதனோடு பேசும் முறை அது. வேகம் பன்மடங்கு. ஆனால் நடிப்பை விட்டவனைப் பழைய வீடு அடையாளம் காணவில்லை. பழைய பயாஸ் கொண்ட கணினியில் தகுந்த அட்டை வழியாக இதனைப் பொருத்தினாலும், பெரும்பாலும் அதிலிருந்து கணினி எழுந்திருக்காது. அதற்குரிய நிரல் பயாஸில் இல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. எம்.2 என்னும் சிறு அட்டை வடிவில் சாட்டா வகையும் கிடைக்கிறது, என்.வி.எம்.இ. வகையும் கிடைக்கிறது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். உங்கள் மடிக்கணினி எந்த வகையை ஏற்கும் என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அண்மையில் கல்லூரியில் படிக்கும் உறவினர் பெண் ஒருத்தி தன் புதிய மடிக்கணினியோடு வந்திருந்தாள். என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. உள்ளது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் பழைய கணினியில்தானே தாத்தா?” என்றாள். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்னும் பட்டியலைத் திறந்து, அதில் தட்டுகள் பற்றிய பகுதியைப் பார்க்கச் சொன்னேன். சுழலும் தட்டும் இல்லாத, தடமும் இல்லாத, தலையும் இல்லாத அச்சில்லைப் பற்றி அங்கே எழுதியிருந்த வரிகளுள் ஒன்றை அவள் உரக்கப் படித்தாள்: தடம் ஒன்றுக்குச் செக்டர், 63.